ஐம்பத்தேழில் இருபத்தொன்பது

பழைய பிஸ்கட் டின் ஒன்றுக்குள் இருபது சீட்டுகள். சிவபாதம் அங்கிள் டின்னைக் குலுக்குகிறார். கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கினால் கடகடக்கும். உள்ளே இருந்தது மெல்லிய காகிதம் மட்டும்தான். மழைக்கு முன்னால் மரத்தில் கேட்குமே ஒரு சரசரப்பு, அது மட்டும் வந்தது. அதைக் கேட்டுக்கொண்டு இருபது குடும்பங்கள் மூச்சை அடக்கி நின்றன.

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் ரயிலைப் பற்றியே எழுதிவிட்டேன். கிள்ளானில் ஏறி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்துக்குப் பிழை திருத்தப் போகிறவளுக்கு வேறென்ன தெரியும் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். இந்த வாரம் ரயிலை விட்டு இறங்குகிறேன். பண்டமாரானில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளின் கடைசியில் ஒரு கோயில் மண்டபம் உண்டு. அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை.

பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். சரியான வருடம் கேட்காதீர்கள். என் வீட்டு நாள்காட்டி எப்போதும் போன மாதத்திலேயே நிற்கும்.

எங்கள் வரிசையில் இருபது வீடுகள். இடம் வேறு எதற்கோ தேவைப்பட்டது. எங்களை இரண்டு தெரு தள்ளியிருந்த ஓர் அடுக்குமாடிக்கு மாற்றினார்கள். பழைய கட்டடம், புதுப் பெயிண்ட். தரைத்தளத்தில் நான்கு வீடு, அதற்கு மேலே நான்கு மாடி, மாடிக்கு நான்கு வீடு. ஆக இருபது. லிஃப்ட் கிடையாது.

எனக்கு எந்த மாடி வந்தாலும் சந்தோஷம்தான். நான் ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள், படி ஏறுவதும் எனக்கு ஒரு போக்கிடம். ஆனால் என்னோடு இருந்தது என் தம்பி சேகர். அவன் இருந்தது சக்கர நாற்காலியில்.

டின்னின் சட்டம்

எங்கள் வரிசைக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதற்கும் சண்டை போடுவதில்லை, சீட்டுப் போடுவோம்.

ஒரு காலத்தில் இருபது வீட்டுக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். யார் முதலில் பிடிப்பது? சீட்டு. மண்டபம் ஒன்று, ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம். சீட்டு. தீபாவளிக்கு வெளியூரிலிருந்து வரும் கார்களை நிறுத்த மாமர நிழல் ஒன்றே ஒன்று. அதற்கும் சீட்டு.

டின்னுக்குக் காவலாளி சிவபாதம் அங்கிள். யாழ்ப்பாணத்து வழி வந்தவர், அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தட்டச்சில் கார்பன் வைத்துப் படி எடுக்க ஒரு மெல்லிய தாள் இருக்குமே, அதில் ஒரு கட்டு அவர் வீட்டில் மிச்சம் இருந்தது. அந்தத் தாளைத்தான் அடிமட்டம் வைத்துக் கிழித்து, தடித்த கறுப்புப் பேனாவால் எழுதி, இரண்டு தடவை மடிப்பார். காற்றடித்தால் பறந்துவிடும் சீட்டு. அவர் முகத்தைப் பார்த்தால் கல்வெட்டு செதுக்குகிறார் என்றுதான் தோன்றும்.

சட்டம் இரண்டே இரண்டு. எல்லோரும் எடுத்து முடிக்கும் வரை யாரும் தன் சீட்டைப் பிரிக்கக் கூடாது. டின் பிடிக்கிறவருக்கு, மிஞ்சும் கடைசிச் சீட்டு.

முதல் சட்டத்தை ஒருவர் மீறியதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். குழாய்ச் சீட்டை மூலையில் போய்த் திருட்டுத்தனமாகப் பிரித்துவிட்டார். எல்லோரும் பிரித்த பிறகுதான் அது அங்கிளுக்குத் தெரிந்தது. எல்லோர் கையிலிருந்தும் சீட்டை வாங்கினார், டின்னில் போட்டார், மறுபடி குலுக்கினார். முதல் தடவை ஒன்றாம் எண் வந்திருந்த என் அம்மாவுக்கு இரண்டாம் தடவை பதினெட்டு வந்தது. அந்த மனிதரோடு அம்மா ஒரு வருடம் பேசவில்லை.

ஒரு சீட்டைப் பார்த்தாலும் மொத்தக் குலுக்கலும் செல்லாது. அதுதான் அங்கிள்.

பைக்குள் பந்துகள்

சேகர் என்னைவிட மூன்று வயது இளையவன். கணக்கில் புலி. பள்ளிப் புத்தகத்தில் ஒரு பை வரும், அதற்குள் நாலு சிவப்புப் பந்து, பதினாறு நீலப் பந்து இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் சிவப்பு வர எவ்வளவு வாய்ப்பு என்று கேட்பார்கள். புத்தகம் அதை நிகழ்தகவு என்றது. சேகருக்கு அது 'சான்ஸ்'. அவன் பதிலை எழுதிக்கொண்டிருப்பான், நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பைக்குள் எவ்வளவு இருட்டாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். நான் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே எழுத விருப்பமில்லை.

படித்து வாத்தியாராக ஆசைப்பட்டான். வீட்டு நிலைமை அவனைத் துறைமுகத்துக் கிடங்குக்கு அனுப்பியது. அங்கே பளு தூக்கும் வண்டி ஓட்டினான். ஒரு மழை நாளில் மோட்டார் சைக்கிள் வழுக்கியது. அதைப் பற்றி வேறொரு வாரம் எழுதுகிறேன், இல்லை, எழுதாமலும் போகலாம். இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்வு திரும்பவில்லை.

பிறகு வீட்டிலிருந்தே போனில் லோரிகளை அனுப்பும் வேலை கிடைத்தது. எந்த லோரி எந்த வாசலுக்குப் போக வேண்டும், எதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான். "பாஸ், மூனாவது கேட்டுக்குப் போங்க, அங்க க்யூ கம்மி." சொன்னது போலவே கம்மியாக இருக்கும்.

மாலை ஆறு மணிக்குத் தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு மாமாக் கடைக்குப் போவான். ஆற்றி நுரைத்த தேநீராய் ஒரு தே தாரிக், நாலு பேச்சு, ஒரு சண்டை. ஏழரைக்குத் திரும்புவான். யாரும் தள்ளக் கூடாது. அந்த ஒன்றரை மணி நேரம்தான் அவன் நாள். மற்றதெல்லாம் அதற்காகக் காத்திருப்பது.

மேலே ஏதாவது ஒரு மாடி வந்துவிட்டால் அந்த ஒன்றரை மணி நேரம் போய்விடும். அதுதான் அன்று அந்த டின்னுக்குள் கிடந்தது.

சிறப்பு ஒதுக்கீடு கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. உடல் ஊனமுற்றோருக்கான அட்டை இருந்திருந்தால் குலுக்கல் இல்லாமலே கீழ்வீடு கிடைத்திருக்கும். அதற்கான விண்ணப்பப் பாரத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். சேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அந்த அட்டை எனக்கு வேணாம் அக்கா. அதக் கைல வாங்கிட்டா நான் எந்திரிக்கவே மாட்டேன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி." வற்புறுத்தியிருக்கலாம். என் கைப்பைக்குள் நாலு மாதம் அந்தப் பாரம் என்னோடு ரயிலில் போய்வந்தது. மடிப்புகளில் கிழியவும் தொடங்கியது. விண்ணப்பிக்கும் கடைசி நாள் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் அதை எடுத்துக்கொண்டு வீடு ஒதுக்கும் அலுவலகத்துக்கு ஓடினேன்.

"அக்கா, சீக்கிரம் வந்திருக்கலாம்லா," என்று அந்த அலுவலகப் பெண் மலாயில் சொன்னாள். அவளுக்கும் வருத்தம்தான். அட்டைக்காரர்களுக்கென்று மற்ற பிளாக்குகளில் வைத்திருந்த வீடுகளைக் கொடுத்து முடித்துவிட்டார்களாம். "உங்க பிளாக்கை நீங்களே பேசிப் பிரிச்சுக்குங்க. லிஸ்ட் மட்டும் எனக்குக் குடுங்க. ஒருதரம் எழுதிட்டா மாத்த முடியாது."

நாங்களே பேசி என்றால் டின்தான்.

மூன்று படி

மண்டபத்துக்கு மூன்று படி. நான்கு ஆண்கள் சேகரைத் தூக்க வந்தார்கள். அவன் கையைக் காட்டினான்.

"வேணாம்ணே. நான் கீழயே இருக்கேன். மூனு படிக்கே நாலு பேர் வேணும்னா, ஒரு மாடிக்கு எத்தன பேர்? நாலு மாடிக்கு எத்தன பேர்? கணக்குப் பண்ணிக்கிட்டு இருக்கேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். வந்தவர்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

படிக்கட்டுக்கு மேலே மண்டபத்துச் சன்னல். நான் அந்தச் சன்னலுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தேன். அலுவலகப் பெண் மேசை போட்டுப் பட்டியலோடு உட்கார்ந்திருந்தாள். யார் எந்தச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டுகிறார்களோ அந்த வீடு அவர்களுக்கு.

முதலில் யார் எடுப்பது என்று தள்ளுமுள்ளு. முதல் கைக்கே ராசி என்று பாதிப் பேர், கடைசிக் கைக்கே ராசி என்று மீதிப் பேர். சேகர் கீழேயிருந்து கத்தினான்: "எப்ப எடுத்தாலும் ஒன்னுதான்! இருபதுல நாலு. அஞ்சுல ஒன்னு!"

லெட்சுமி அக்கா சன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "அதெப்படி? எனக்கு முன்னாடி நாலு பேரு நாலு கீழ்வீட்டையும் அள்ளிக்கிட்டா?"

"அள்ளாமலும் போகலாம்ல? சீட்ட யாரும் பிரிக்கப் போறதில்ல. உங்களுக்கு முன்னாடி எத்தன பேர் எடுத்தாங்கன்னு உங்க சீட்டுக்குத் தெரியுமா அக்கா?"

"இவன் ஒருத்தன். சீட்டுக்கு எங்கயாவது தெரியுமா," என்று அக்கா தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

லெட்சுமி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு நேர் அடுத்த வீடு. நாசி லெமாக் விற்பவர். விடியும் முன்பே தேங்காய்ப்பாலில் சோறு வெந்து மணக்கும், சம்பால் கொதிக்கும், நெத்திலி பொரியும். வீட்டு வாசலில் ஒரு மேசை, அதுதான் கடை. அன்றும் அடுப்படியிலிருந்து நேராக வந்திருந்தார், கைலியில் கையைத் துடைத்துக்கொண்டே. தரைத்தளம் கிடைக்காவிட்டால் அவருக்கு வாசல் இல்லை. வாசல் இல்லாவிட்டால் கடை இல்லை. எங்கள் வரிசையில் எங்களுக்கு அடுத்து கீழ்வீடு அவசியமாகத் தேவைப்பட்டது அவருக்குத்தான்.

நான் பதினோராவதாக எடுத்தேன். கையை விட்டால் டின்னுக்குள் குளிர்ச்சி. சின்ன வயதில் நான் நினைத்துக்கொண்டே இருந்த அந்தப் பைக்குள் இருட்டு, என் விரலில் பட்டது. ஒன்றைத் தொட்டு விட்டேன், இன்னொன்றைத் தொட்டு விட்டேன், மூன்றாவதை எடுத்தேன்.

"பிள்ளை, எடுத்தா எடுக்க வேணும். தடவிப் பார்க்க மாம்பழமே அது?" என்றார் அங்கிள்.

லெட்சுமி அக்கா எனக்குப் பின்னால் எடுத்தார். கடைசியில் டின்னில் ஒன்று மிஞ்சியது. அங்கிள் டின்னைக் கவிழ்த்து அதைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். இருபது கையில் இருபது மடித்த காகிதம்.

பிரிப்பதற்கு முன்

இப்போது "பிரியுங்கோ" என்று அங்கிள் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. என்னிடம் நடந்து வந்தார்.

"பிள்ளை, இதையும் வைச்சிரும்."

எனக்கு விளங்கவில்லை.

"எனக்கு எந்த மாடியும் ஒண்டுதான். தனி ஆள். இதுவும் சேர்த்துப் பிரிச்சுப் பாரும். கீழ்வீடு இருந்தா நீர் எடும், மற்றது எனக்கு."

"அங்கிள், அது சட்டத்துல..."

"பிரிக்கக் கூடாது எண்டுதான் சட்டம். குடுக்கக் கூடாது எண்டு எங்க இருக்கு? சட்டம் எழுதினது நான்."

படிக்கட்டுக்கு ஓடினேன். "சேகர், ரெண்டு சீட்டு! அஞ்சுல ஒன்னு, அஞ்சுல இன்னொன்னு. அஞ்சுல ரெண்டு!"

"கூட்டாத அக்கா. அப்படிக் கூட்டினா ஆறு சீட்டு வாங்கினா அஞ்சுல ஆறாயிடும். நூத்துக்கு நூத்தி இருவது சான்ஸ். லோரில ஏத்தற சரக்கா அது?"

அவன் உள்ளங்கையில் பேனாவால் எழுதத் தொடங்கினான். கிடைக்காமல் போவதைத்தான் முதலில் பார்க்க வேண்டுமாம். முதல் சீட்டு மேல்வீடாக இருக்க இருபதில் பதினாறு. அதுவும் போய் இரண்டாவதும் மேல்வீடாக இருக்கப் பத்தொன்பதில் பதினைந்து. இரண்டையும் பெருக்கி, சுருக்கினான். "ரெண்டுமே ஏமாத்தறதுக்குப் பத்தொம்பதுல பன்னெண்டு. அப்ப நமக்குப் பத்தொம்பதுல ஏழு. அஞ்சுல ரெண்டுக்குக் கொஞ்சம் கம்மி. ஆனா பரவால்ல." நிமிர்ந்து பார்த்தான். "யாரு குடுத்தது?"

சொன்னேன். அவன் மறுபடி குனிந்துகொண்டான். எழுத ஒன்றும் இல்லாதபோதும் பேனா உள்ளங்கையிலேயே இருந்தது.

நான் மண்டபத்துக்குத் திரும்பியபோது லெட்சுமி அக்கா சன்னலோரம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு திரும்பினார். நேராக என்னிடம் வந்து என் விரல்களை விரித்து, தன் சீட்டை வைத்து, விரல்களை மூடினார்.

"அக்கா, நீங்க வேணாம். உங்க கடை..."

"பேசாத. பிரிச்சுப் பாத்துட்டா குடுக்க மனசு வராது. அதான் இப்பவே குடுக்கறேன். புடி."

சத்தமாகச் சொன்னார், மண்டபமே கேட்கும்படி. யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு. உண்மையை இவ்வளவு பச்சையாகச் சொல்ல எங்கள் வரிசையில் அக்காவால் மட்டும்தான் முடியும் என்று நானும் நினைத்தேன்.

அவர் சீட்டு என் உள்ளங்கையில் பிசுபிசுத்தது. தேங்காயும் நெத்திலியும் மணத்தது.

மறுபடி படிக்கட்டு. மறுபடி உள்ளங்கை. இடம் போதாமல் மணிக்கட்டுக்கு ஏறினான். "பதினெட்டுல பதினாலு... பெருக்கு... அம்பத்தேழுல இருபத்தெட்டு. அக்கா! மூனுமே ஏமாத்தறதுக்கு அம்பத்தேழுல இருபத்தெட்டு. அப்ப நமக்கு இருபத்தொம்பது!"

"அப்படின்னா?"

"பாதியத் தாண்டிட்டோம் அக்கா. பாதின்னா இருபத்தெட்டரை, அரைதான் அதிகம். ஆனா தாண்டிட்டோம்."

விபத்துக்குப் பிறகு அவன் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. ஐந்தில் ஒன்று என்று வீட்டை விட்டுக் கிளம்பினோம். எங்களுக்குச் சொந்தமில்லாத இரண்டு கைகள் எங்களைப் பாதிக்கு மேலே தூக்கி வைத்திருந்தன. சீட்டுகள் இன்னும் மூடித்தான் இருந்தன. வீடு கிடைக்காமல் போயிருந்தாலும் அந்த நிமிடத்தை நான் இங்கே எழுதியிருப்பேன்.

"பிரியுங்கோ!" என்றார் அங்கிள்.

என்னுடையது: நாலாவது மாடி, இரண்டாம் வீடு.

அங்கிளுடையது: மூன்றாவது மாடி, முதல் வீடு.

மூன்றாவது சீட்டைப் பிரிக்க விரல் வரவில்லை. எண்ணெயில் மடிப்புகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் மெதுவாகப் பிரித்தேன். தரைத்தள வீடுகளுக்கு எண்ணுக்கு முன்னால் 'ஜி' என்ற ஆங்கில எழுத்து. தடித்த கறுப்பில், அங்கிளின் கிளார்க் கையெழுத்தில், ஜி-3.

நான் லெட்சுமி அக்காவைப் பார்த்தேன். பார்க்க வெட்கமாக இருந்தது, இருந்தும் பார்த்தேன்.

"நாந்தான் சொன்னேன்ல," என்றார். "பிரிச்சிருந்தா குடுத்திருக்க மாட்டேன். சரி சரி, அழாத. உன்னோடதக் குடு."

என் நாலாவது மாடியை வாங்கிக்கொண்டார். அங்கிள் தன் மூன்றாவது மாடியை என்னிடமிருந்து வாங்கி அவரிடம் நீட்டினார், ஒரு மாடியாவது குறையட்டும் என்று. "உங்க முட்டிக்கு நாலாவது மாடியா? போங்க அங்கிள்," என்று துரத்திவிட்டு மேசைக்குப் போய்ச் சீட்டை நீட்டினார். அலுவலகப் பெண் எழுதிக்கொண்டாள். ஒருதரம் எழுதினால் மாற்ற முடியாது.

எங்கள் வாசல், அவர் கடை

குடிபோன முதல் மாலை, ஆறு மணிக்குச் சேகர் ஜி-3இன் கதவைத் திறந்தான். வாசலில் படி இல்லை, ஒரு சின்ன மேடு மட்டும். சக்கரம் அதில் ஏறி இறங்கிய சத்தம் 'டக்' என்று கேட்டது. பிறகு அவன் முதுகு மட்டும், மாமாக் கடைப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. நான் வாசலில் நின்று அவன் தெருத் திரும்பும் வரை பார்த்தேன்.

மறுநாள் காலை நாலாவது மாடியிலிருந்து ஒரு பானை இறங்கிவந்தது. லெட்சுமி அக்கா நாலு தடவை ஏறி இறங்கினார். ஐந்தாவது தடவைக்குச் சேகர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"அக்கா, பானைய எல்லாம் இங்க வெச்சிட்டுப் போங்க. அடுப்பும் இங்கயே இருக்கட்டும். இது உங்க வீடு. காலைல ஒன்பது மணி ஆறு நிமிஷத்துக்கு மேலதான் எங்களுது."

"அதென்னா ஆறு நிமிஷம்?"

"உங்களுக்கு அதுக்குள்ள வித்துத் தீர்ந்துரும். கணக்குப் போட்டுட்டேன்."

அன்றிலிருந்து எங்கள் வாசல்தான் அவர் கடை. எங்கள் சமையலறைதான் அவர் அடுப்படி. சேகர் முட்டை உரிப்பான், வெள்ளரிக்காய் நறுக்குவான், இடையில் லோரிகளையும் அனுப்புவான். நான் ரயிலுக்குக் கிளம்பும்போது இன்றும் என் சேலையில் தேங்காய்ப்பால் மணக்கும். பிரிக்பீல்ட்ஸில் இறங்கிப் பூக்கடைகளைத் தாண்டி நடக்கும்போது மல்லிகையோடு அது கலக்கும். அச்சகத்தில் என் மேசைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பத்து மணிக்கே பசிக்கிறது என்பார்கள்.

வருகிறவர்களுக்கெல்லாம் சேகர் கதை சொல்லுவான். ஐந்தில் ஒன்று எப்படி ஐம்பத்தேழில் இருபத்தொன்பது ஆனது என்று பொட்டலத்தை நீட்டிக்கொண்டே விளக்குவான். சிலர் புரியாமல் சில்லறையை மறந்துவிட்டுப் போவார்கள். லெட்சுமி அக்கா குனிந்து சோற்றைக் கிளறிக்கொண்டிருப்பார். அந்தக் கதை நடக்கும்போது மட்டும் வாயே திறக்க மாட்டார்.

எண்ணெய்க் கை

போன மாதம் ஒரு காலை. கூட்டம் ஓய்ந்த நேரம். வாழையிலைக்கு வெளியே சுற்றும் செய்தித்தாளில் சம்பால் எண்ணெய் ஒழுகியிருந்தது. சேகர் அதைக் கையில் எடுத்தான். எண்ணெய் பட்ட இடத்தில் தாள் கண்ணாடி போல ஆகி, பின்பக்க எழுத்து இந்தப் பக்கம் தெரிந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

"அக்கா."

இரண்டு பேருமே திரும்பினோம்.

"லெட்சுமி அக்கா. அன்னிக்கு மண்டபத்துல உங்க சீட்டு எண்ணெயா இருந்துச்சு."

"ம்."

"அங்கிளோட தாள் இதவிட மெல்லிசு. பேனா தடிப்பு."

"அதுக்கு என்னா இப்ப?"

"நீங்க சன்னல்கிட்ட நின்னீங்க."

அக்கா கரண்டியை வைத்தார். கையைக் கைலியில் துடைத்தார். அந்த வழக்கம் அவரை விட்டுப் போகவே இல்லை.

"நான் பிரிக்கல," என்றார் முதலில். "சத்தியமா பிரிக்கல. எடுத்தப்பவே கை பூரா எண்ணெய். எவ்ளோ ஊறிருக்குன்னு வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன். ஜி தெரிஞ்சுது."

நான் உட்கார்ந்தேன். எனக்கு உட்காரத் தெரியாது என்று மேலே எழுதினேன். அன்று தெரிந்தது.

"தெரிஞ்சதும் எனக்கு நெஞ்சு அப்படியே பறக்குது. வாசல் கிடைச்சிருச்சு, கடை கிடைச்சிருச்சுன்னு. சன்னல்ல கீழ பாக்கறேன், நீ உக்காந்து கைல எழுதிட்டு இருக்க. உனக்கு ஒன்னும் தெரியாது. எழுதற, அடிக்கற, எழுதற." கையை மறுபடி கைலியில் துடைத்தார். "அதுக்கு மேல அங்க நிக்க முடியல லா."

"அப்பறம் ஏன் அக்கா இத்தன வருஷமா சொல்லல?"

"சொன்னா? அங்கிள் டின்ன எடுத்திருப்பாரு. எல்லார் சீட்டையும் புடுங்கி மறுபடி குலுக்கியிருப்பாரு. அப்பறம் உன் கணக்கு என்னா ஆவும்? அதான் மண்டபம் பூரா கேக்கற மாதிரி கத்தினேன், பிரிச்சுப் பாத்துட்டா மனசு வராதுன்னு. என் வாழ்க்கைல நான் சொன்ன பெரிய பொய் அதுதான்."

சேகர் எண்ணெய்த் தாளை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"ஊருக்கெல்லாம் அம்பத்தேழுல இருபத்தொம்பதுன்னு சொல்லிட்டு இருந்தேன்," என்றான். "கணக்கே தப்பு. நீங்க நடந்து வந்தப்பவே அது ஒன்னு. முழுசா ஒன்னு, நூத்துக்கு நூறு."

சன்னலிலிருந்து நான் நின்ற இடத்துக்குப் பத்தடி இருக்கும். அந்தப் பத்தடியை அவர் எப்படி நடந்தார் என்பதற்கு என் தம்பியின் உள்ளங்கையில் இடம் போதாது.

"எழுதட்டுமா அக்கா?" என்று கேட்டேன். "பத்திரிகையில?"

"எழுதிக்கோ. ஆனா மொதல்ல அங்கிளுக்குப் போனப் போட்டுச் சொல்லிட்டு எழுது. அந்தாளு வாரா வாரம் படிக்கறாரு."

உண்மைதான். சிவபாதம் அங்கிள் இப்போது பூச்சோங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். இந்தத் தொடரைச் சிவப்புப் பேனாவோடு படித்து, என் பிழைகளுக்கு வட்டம் போட்டு, படம் பிடித்து அனுப்புவார். பிழை திருத்துபவளுக்கே பிழை திருத்துபவர்.

போன் போட்டேன். ஒலிபெருக்கியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெய், சன்னல், ஜி. சேகர் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். லெட்சுமி அக்கா சோற்றுப் பானையின் மூடியைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லாததைப் பார்த்து, மறுபடி மூடினார்.

"அப்ப அந்தக் குலுக்கல் செல்லாது," என்றார் அங்கிள். அதே பழைய குரல். பிறகு அந்தக் குரல் உடைந்து சிரிப்பாக வந்தது, இருமலோடு. "டின் என்னட்டத்தான் இருக்கு, பிள்ளை. ஒரு நாளைக்கு வாறன். எல்லாரும் திரும்ப எடுக்க வேணும்."

லெட்சுமி அக்கா போனை நோக்கிக் குனிந்தார்.

"வாங்க அங்கிள். நான் எண்ணெய்க் கையோடதான் எடுப்பேன்."